யார் கையில இருக்கு?

போன மாதம் ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு எங்கள் வீட்டு வாசலில் ஒரு கொரியர் வண்டி வந்து நின்றது. நேரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. கொரியர்காரர் நீட்டிய தாளில் கையெழுத்துக்குப் பக்கத்தில் நேரத்தையும் நான்தான் எழுதினேன். இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் எழுத்தராக இருந்தவனுக்கு நேரம் குறிக்காமல் கையெழுத்துப் போட வராது. எழுதிவிட்டு நிமிர்ந்தபோதுதான், இரண்டு பேர் சேர்ந்து வண்டியிலிருந்து இறக்குவது என்ன என்று பார்த்தேன். கறுப்பு வண்ணம் பூசிய இரும்பு டிரங்குப் பெட்டி. மூடியில் வெள்ளை எழுத்தில் என் மகனுடைய பெயர், அவனுடைய படை எண், அதற்குக் கீழே வேங்கிக்கால், திருவண்ணாமலை என்று எங்கள் வீட்டு முகவரி.

என் மகனுக்கு இருபத்துநான்கு வயது. ராணுவத்தின் சிறப்புப் படையில் இருக்கிறான். தெருவில் எல்லோரும் கமாண்டோ என்பார்கள். அவன் அந்த வார்த்தையைச் சொல்லமாட்டான். ஐந்து நாளாக அவன் போன் அணைந்திருந்தது. அதற்கு நான் பயப்படவில்லை. வேலை என்று போனால் அப்படித்தான் இருக்கும். ஆனால் எங்கள் மாவட்டத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. அந்த வீடுகளில் பலருக்கும் தெரிந்த, யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. ஆளும் பெட்டியும் சேர்ந்து வந்தால் லீவு. ஆள் இல்லாமல் பெட்டி மட்டும் வந்தால், அது லீவு இல்லை.

எனக்கு விதிமுறையும் தெரியும். இறந்த வீரனுடைய பெட்டியை மூன்று பேர் கொண்ட குழு திறந்து, உள்ளே இருப்பதைப் பட்டியல் எடுத்து, கையெழுத்திட்டு, ஸ்டோர் பூட்டுப் போட்டு, அரக்கு வைத்து, கூடவே ஒரு ஆளையும் அனுப்பும். கொரியரில் அனுப்புவது கிடையாது. அப்படிப்பட்ட பட்டியல்களை நானே தட்டச்சு செய்திருக்கிறேன். இரண்டு ஜோடி சாக்ஸ், ஒரு சீப்பு, ஒரு சாமி படம். இதெல்லாம் தெரிந்தும் பெட்டியை நடுக்கூடத்தில் வைக்கச் சொல்லிவிட்டு, அலமாரியில் இருந்த போர்வையை எடுத்து அதன்மேல் போர்த்தினேன். ரேஷன் கடைக்குப் போயிருந்த என் மனைவி திரும்பி வருவதற்குள் அதைச் செய்யவேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.

அடுத்ததாக மனதில் வந்தது மேடம்.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "யார் கேட்டா உங்கள?" என்பார். நான் அவரிடம் வேலை பார்த்தபோது அவர் மேஜர். வடக்கே ஒரு மலையடிவார முகாமில், சிறப்புப் படைக்கான தளவாடப் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. அந்த வீரர்கள் உடுத்துவது, சுமப்பது, தொங்குவது, பேசுவது, எதுவானாலும் அதைத் தேர்ந்தெடுத்து, வாங்கி, சோதித்து, அவர்கள் இருக்கும் மலை உச்சிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் வேலை. சினிமாவில் கமாண்டோ ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றைப் பிடித்துச் சறுக்கி இறங்குவான். அந்தக் கயிற்றை எத்தனை பேர் இழுத்துப் பார்த்தார்கள், எத்தனை கயிறு திரும்பிப் போனது என்று எந்தச் சினிமாவிலும் நான் பார்த்ததில்லை.

அவரிடம் நான் வைத்த முதல் கோப்பு கையுறை பற்றியது. நூற்றிருபது ஜோடி வந்திறங்கியிருந்தது. எண்ணிக்கை சரி, தரச் சான்றிதழ் சரி, எல்லாக் கையெழுத்தும் சரி. நான் அடக்கமாக நின்றேன். அவர் கோப்பைத் திறக்கவில்லை.

"யார் கைல இருக்கு?" என்று தமிழில் கேட்டார்.

அவர் தமிழ் பேசுவார் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். "மூணாம் நம்பர் ஸ்டோர்ல இருக்குது, மேடம்" என்றேன்.

"ஸ்டோருக்குக் கை இருக்குதா?"

பத்து நிமிடத்தில் நாங்கள் வீரர்கள் தங்கும் பாரக்கில் நின்றோம். மேடம் ஒரு ஜோடியைப் பிரித்து, வடகிழக்கு மாநிலத்திலிருந்து வந்த குள்ளமான ஒரு வீரனிடம் கொடுத்து, அதைப் போட்டுக்கொண்டு ஷூ லேசைக் கட்டச் சொன்னார். அவன் விரல் நுனிக்கு மேலே கையுறை அரை அங்குலம் காலியாக மடங்கியது. லேஸ் நழுவிக்கொண்டே இருந்தது. அவன் சிரித்தான், பிறகு மேடம் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டான். அன்று மாலையே நூற்றிருபதும் திரும்பிப் போயின. என் கோப்பில் ஒரு எழுத்துப் பிழைகூட இருக்கவில்லை என்பதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு நான்கு வருடம் அந்தக் கேள்வி என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று எண்ணுவதை முதல் வாரத்திலேயே விட்டுவிட்டேன். சரக்கு லாரியில் ஏறிவிட்டது என்றால், "யார் கைல?" விமானத்தளம் போய்விட்டது என்றால், "யார் கைல?" மேல்முகாமில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வந்துவிட்டது என்றால், அந்தக் கையெழுத்துப் போட்டவர் யார், அவர் கயிற்றில் தொங்கப்போகிறவரா, இல்லை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரா என்று கேட்பார். நாற்காலியில் இருப்பவர் என்றால் அது இன்னும் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த போர்டில் அந்தப் பொருளுக்கு நேரே சிவப்புப் புள்ளி அப்படியே இருக்கும்.

மேடம் அடி அண்ணாமலைக்காரர். கிரிவலப் பாதையை ஒட்டி அவர்கள் வீட்டு மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலை நிலம், இருந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவருடைய அப்பா பாதையோரமாகத் தண்ணீரும் மோரும் விற்கும் கடை போடுவார். தளவாட வேலையை எங்கே கற்றீர்கள் என்று ஒரு கர்னல் கேட்டதற்கு இந்தக் கதையைத்தான் அவர் இந்தியில் சொன்னார். பிறகு எனக்குத் தமிழில் தனியாக ஒருமுறை சொன்னார். "மதியத்துக்கு மேல ரோட்ட மூடிடுவாங்க. அதுக்குள்ள தண்ணி கேன் வந்துடணும். ஜாஸ்தி வாங்கனா அடுக்க எடம் இல்ல, கம்மியா வாங்கனா எட்டு மணிக்கே கட காலி. எத்தினி பேரு நடப்பாங்கன்னு நெலாவப் பாத்துச் சொல்ல முடியுமா? இதச் சமாளிச்சவளுக்குப் பட்டாளம்லாம் ஒண்ணுமே இல்லீங்க."

ஊர்க்காரன் என்று எனக்கு எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை. மற்றவர்கள் இந்தியில் வாங்கிய திட்டை நான் தமிழில் வாங்கினேன், அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை அவருடைய எண் என்னிடம் இல்லை. பதினாறு வருடமாக நாங்கள் பேசியதில்லை. அவர் லெப்டினன்ட் கர்னலாகி, பணியை விட்டு, பெங்களூரில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டதோடு சரி. மகனுடைய எண், அவன் முகாமின் எண், அவன் நண்பன் ஒருவனின் எண் என்று மாற்றி மாற்றி அடித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அன்று எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை மின்சாரம் இல்லை. போனில் சார்ஜ் குறைந்துகொண்டே வந்தது. வேலூரில் இருக்கும் பழைய சக எழுத்தர் ஒருவர் மேடத்தின் எண்ணைத் தேடிக் கொடுத்தபோது மணி பன்னிரண்டு இருக்கும்.

"யாருங்க?"

பெயரைச் சொன்னேன். "ஹவில்தார் கிளார்க். சொல்லுங்க."

மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்தேன். அவரிடம் எதையும் மூன்று வாக்கியத்தில் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

"கூட ஆளு யாரும் வரலியே?"

"இல்ல மேடம். கொரியர்."

"கையெழுத்து போட்டீங்களா?"

"போட்டேன்."

"பொட்டியப் பாக்கறதுக்கு முன்னாடியா, பாத்துட்டா?"

அந்த நிலையிலும் எனக்கு வெட்கமாக இருந்தது.

"சரி வுடுங்க. பூட்டு யாருது? அவன் பூட்டா, ஸ்டோர் பூட்டா?"

போர்வையை விலக்கிப் பார்த்தேன். சின்னப் பித்தளைப் பூட்டு. "அவனோடதுதான் மேடம்."

"அரக்கு?"

"இல்ல."

"அப்ப," என்று அவர் தொடங்கும்போது போன் அணைந்துவிட்டது.

அவர் என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அவன் பூட்டு என்றால் அவனே பூட்டியிருக்கிறான், குழு திறக்கவில்லை. ஆனால் அதை நானே சொல்லிக்கொள்வதற்கும் அவர் வாயால் கேட்பதற்கும் வித்தியாசம் இருந்தது. பூட்டிய பிறகு என்ன ஆனது என்று பூட்டுக்குத் தெரியாது.

டவுனுக்குப் போயிருந்தால் மின்சாரம் இருந்திருக்கும். ஸ்கூட்டரில் பத்து நிமிடம். அந்த வாசலை விட்டு என்னால் போக முடியவில்லை. நான் இல்லாத நேரத்தில் யாராவது வந்து, கேட்டைத் திறப்பது என் மனைவியாக இருந்துவிட்டால்?

அவள் வந்தாள். சர்க்கரைப் பையை வைத்துவிட்டு நேராகப் போர்வையைத்தான் பார்த்தாள். நான் இப்போது வேலை பார்க்கும் கலெக்டர் ஆபீஸ் கோப்பு என்று சொல்லி முடிப்பதற்குள் தூக்கிப் பார்த்துவிட்டாள். மகனுடைய பெயரை விரலால் தொட்டாள்.

"இன்னாங்க, தம்பி பொட்டிய அனுப்பிச்சிருக்கான், நீங்க போத்தி வெச்சிருக்கீங்க? லீவு வுட்டுட்டாங்களா? சொல்லவே இல்லியே அவன்" என்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. பட்டாளத்துக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவள்தான். ஆனால் என் பெட்டி எப்போதும் என்னோடுதான் வந்தது. ஆள் இல்லாமல் வரும் பெட்டியைப் பற்றி நான் அவளுக்குச் சொன்னதில்லை.

"இருக்கும்" என்றேன்.

அவள் அப்போதே இட்லிக்கு அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டாள். கரண்ட் இல்லாமல் கிரைண்டர் ஓடாதே, ஐந்து மணிக்கு மேல் அரைத்தால் புளிக்குமா என்று என்னிடமே கேட்டாள். நான் வாசல் படியில் வந்து உட்கார்ந்துகொண்டேன். உள்ளே அவள் பேசிக்கொண்டே இருந்தாள். எதற்கும் பதில் சொல்லத் தேவையில்லாதபடி நான் மேடத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கயிற்றில் தொங்கும்போது இடுப்பிலும் தொடையிலும் மாட்டிக்கொள்ளும் பட்டை ஒன்று உண்டு. புதிதாக வந்த பட்டைகளில் கால் மரத்துப்போகிறது என்று வீரர்கள் சொன்னார்கள். கம்பெனிக்காரர்கள் சான்றிதழை அனுப்பி, அப்படி ஆகாது என்று எழுதினார்கள். மேடம் ஒரு மதியம் ஸ்டோர் கூரை உத்தரத்தில் கயிற்றைப் போடச் சொல்லி, சீருடைமேல் பட்டையை மாட்டிக்கொண்டு தொங்கினார். என்னைக் கடிகாரத்தோடு கீழே நிற்க வைத்தார். தொங்கியபடியே கம்பெனிக்குக் கடிதம் சொன்னார், நான் எழுதினேன். "பத்தாவது நிமிஷம், வலது தொடை சுருக்குன்னு இருக்குது. எழுதிக்குங்க. இருபதாவது நிமிஷம், பாதம் எங்க இருக்குதுன்னே தெரியல. அதையும் எழுதுங்க."

அந்த நேரம் பார்த்து எங்கள் கமாண்டிங் ஆபீசர் உள்ளே வந்தார். மேடம் தொங்கிக்கொண்டே சல்யூட் அடித்தார். அடித்த வேகத்தில் கயிறு சுழன்றுவிட்டது. சல்யூட் அப்படியே மெல்லத் திரும்பிப்போய், கம்பளி அடுக்கியிருந்த ராக்குக்குப் போய்ச் சேர்ந்தது. கமாண்டிங் ஆபீசர் ராக்கின் பக்கம் நகர்ந்து நின்று, சல்யூட்டை வாங்கி, பதிலும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மேடத்தை இறக்கியபோது அவரால் நிற்க முடியவில்லை. கம்பளி மூட்டைமேல் உட்கார்ந்து, காலைத் தேய்த்துக்கொண்டே, "கடைசி வரிய மாத்துங்க. 'தங்கள் பொறியாளர் ஒருவரை அனுப்பவும், எங்களிடம் உத்தரம் காலியாக உள்ளது'ன்னு போடுங்க" என்றார். பொறியாளர் வரவில்லை. புதுப் பட்டைகள் வந்தன.

பூட்ஸ் கதையும் அப்படித்தான். பொதுப் படைக்கு இத்தனை பேருக்கு எட்டாம் எண், இத்தனை பேருக்கு ஒன்பதாம் எண் என்று ஒரு அட்டவணை இருக்கும். அதன்படி வாங்கினால் லட்சம் பேரில் சரியாக வரும். எங்களிடம் இருந்தவர்களோ சில நூறு பேர், அதில் பாதிக்கு மேல் மலைநாட்டு ஆட்கள், சின்னப் பாதம். காலில் பெரிய பூட்ஸை மாட்டி, உள்ளே இரண்டு சாக்ஸ் திணித்துக்கொண்டு மலை ஏறினார்கள். மேடம் அட்டவணையை மூடிவைத்துவிட்டு, மாலையில் சுமையோடு ஓடிவிட்டு வந்த ஒவ்வொருவரையும் பழைய செய்தித்தாளில் நிறுத்திப் பாதத்தைச் சுற்றி பென்சிலால் வரையச் சொன்னார். காலையில் இல்லை, மாலையில்தான், கால் வீங்கியிருக்கும்போது. ஸ்டோர் தரை முழுக்கப் பாதங்கள். "கிருஷ்ண ஜெயந்திக்குக் கால் போட்ட மாதிரி இருக்குது" என்று அவரே சிரித்தார். நான் அந்தத் தாள்களைக் கட்டாகக் கட்டி, ரயிலில் காலணித் தொழிற்சாலைக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த மேலாளர், உங்கள் மேடம் கோலம் அனுப்பியிருக்கிறாரா என்று கேட்டார். நான் அந்தக் கோலத்தை அவர் மேசைமேல் விரித்துவைத்துவிட்டு, ஒவ்வொரு தாளுக்கும் பூட்ஸ் கிடைக்கும்வரை எட்டு நாள் அங்கேயே இருந்தேன்.

என் மகன் பயிற்சி முடித்து முதல் லீவில் வந்தபோது, கால் அளவைச் சாயங்காலம்தான் எடுப்பார்கள், ஓடவிட்டுத் தாளில் நிற்க வைப்பார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னான். யாரோ ஒரு மேடம் எப்போதோ ஆரம்பித்து வைத்ததாம் என்றான். தாளைச் சுருட்டிக் கட்டியவன் நான்தான் என்று அவனிடம் சொன்னேன். அவன் நம்பினானா என்று தெரியவில்லை. அன்று இரவு எனக்கு இரண்டு தோசை கூடுதலாக இறங்கியது.

இதையெல்லாம் படித்துவிட்டு அவரோடு வேலை பார்ப்பது இனிமையாக இருந்தது என்று யாரும் நினைக்கவேண்டாம். ஒருமுறை நான் அவரிடம் பொய் சொன்னேன்.

எல்லைப் பக்கம் பனிமலையில் இருந்த பன்னிரண்டு பேர் குழு ஒன்றுக்கு வயர்லெஸ் பேட்டரி எட்டு அனுப்பியிருந்தோம். சின்னப் பெட்டி. லாரி டிரைவர் இறக்கிவிட்டேன் என்றார். நான் போர்டில் சிவப்புப் புள்ளியை அழித்துப் பச்சை வைத்தேன். மறுநாள் எனக்கு லீவு. மகனுக்கு மூன்று வயது. எங்கள் குலசாமி கோயிலில் காதுகுத்து. டிக்கெட் சட்டைப்பையில் இருந்தது.

"யார் கைல இருக்கு?" என்றார்.

"அந்த டீம் ஹவில்தார் கைல, மேடம்."

"அவர் கொரல நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு மேசைமேல் இருந்த போனை என் பக்கம் திருப்பினார். "இன்னொரு தடவ கேளுங்க. நானும் கேக்கறேன்."

இணைப்புக் கிடைக்க அரை மணி நேரம் ஆனது. அந்தப் பக்கம் ஹவில்தாரின் குரல் வந்தது. பெட்டி எதுவும் வரவில்லை என்றார். பழைய பேட்டரியைக் காப்பாற்ற ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் வயர்லெஸ்ஸைத் திறக்கிறோம் என்றார். மற்ற இருபத்துமூன்று மணி நேரம் அந்தப் பன்னிரண்டு பேருக்கு என்ன ஆனாலும் யாருக்கும் தெரியாது. அவர் குற்றம் சொல்லவில்லை. வானிலையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

மேடம் திட்டவில்லை. "மொதல்ல பொட்டியக் குடுத்துட்டு வாங்க. அப்புறம் ஊருக்குப் போங்க" என்றார். காதுகுத்து என்று ஒரு வார்த்தை சொன்னேன். "தெரியும்" என்றார்.

இரண்டு நாள் லாரியில் போனேன். பாதி வழியில், ஒரு சரக்குக் கொட்டகையில், தார்ப்பாய்க்கு அடியில் அந்தப் பெட்டி கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அரை நாள் பனியில் நடந்தேன். ஹவில்தார் பேட்டரியை வாங்கி வயர்லெஸ்ஸில் போட்டு, பேசிப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார். விட வெகுநேரம் ஆனது. அந்த நேரத்தில் ஊரில் என் மகன் தன் மாமா மடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். மலையிலிருந்து இறங்கும்போது மேடத்தை மனதார வெறுத்தேன். அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தபோது என் மனைவி வேறு ஒரு கதை சொன்னாள். மேடத்துக்கும் அந்த வாரம் லீவாம். காதுகுத்து அன்று சாதாரண நூல் சேலையில் ஒரு அம்மா கோயிலுக்கு வந்தாராம். நேராக அவளிடம் போய், "உங்க வூட்டுக்காரரு லீவ நிறுத்தனது நான்தான். திட்டறதா இருந்தா என்னத் திட்டுங்க" என்றாராம்.

"நீ இன்னா சொன்ன?" என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"இன்னா சொல்றது, திட்டனேன்" என்றாள். "எட்டு பேட்டரிக்கா எம்புள்ள காதுகுத்த வுட்டுட்டாரு, அப்படி இன்னாங்க பேட்டரி அதுன்னு கேட்டேன். நின்னு எல்லாத்தையும் கேட்டாங்க. அவரால மட்டும்தான் ஆகற வேலைன்னாங்க. அப்புறம் பந்தியில உக்காந்து சாப்புட்டு, ஒரு பை மல்லாட்ட குடுத்துட்டுப் போனாங்க."

அவரால் மட்டும்தான் ஆகிற வேலை. நான் பொய் சொன்னதை அவர் அவளிடம் சொல்லவில்லை. என் மேலதிகாரிகளிடமும் சொல்லவில்லை. என் பணிப் பதிவேட்டில் அப்படி ஒரு வரி இல்லை. என் மனைவிக்கே இதைப் படித்தால்தான் தெரியும். நான் வேலைக்குத் திரும்பிய அன்று, மேல்முகாம்களுக்குப் போன சரக்குகளின் பட்டியலை என் மேசைமேல் வைத்து, "இனிமே நீங்க கேளுங்க" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்கவேயில்லை. நான்தான் மற்றவர்களைக் கேட்டேன். என்னைப் பார்த்தாலே டிரைவர்கள் ஓடி ஒளிந்தார்கள். அந்தப் பிரிவிலிருந்து எனக்குப் பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் நான் எங்கே வேலை பார்த்தேன் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் முதுகு தானாக நிமிர்கிறது.

சனிக்கிழமை மூன்றரை மணிக்கும் நான் அதே படியில்தான் இருந்தேன். அரிசி ஊறிவிட்டது. மகனுடைய அறையில் மெத்தையை வெயிலில் போடலாமா என்று மனைவி கேட்டாள். போடு என்றேன். என் பார்வை தெருமுனையிலேயே இருந்தது.

ஏனென்றால் அவர்கள் எப்படி வருவார்கள் என்று எனக்குத் தெரியும். பணி ஓய்வுக்குப் பிறகு நான் வேலை பார்ப்பது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில். இரண்டு வருடத்துக்கு முன்னால் போளூர் பக்கம் ஒரு கிராமத்துக்கு, அப்படி ஒரு செய்தியைச் சொல்லப்போன அதிகாரியோடு துணைக்குப் போனேன். எப்போதும் இரண்டு பேராகத்தான் போவார்கள். கேட்டைத் திறந்த அம்மா எங்களைப் பார்த்தார். நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அதிகாரி உட்காரச் சொன்னார், தண்ணீர் கேட்டார், அந்த அம்மாவைப் பெயர் சொல்லி அழைத்தார். அந்த இரண்டு நிமிடம் அந்த அம்மா எங்கள் முகத்தையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

மூன்று ஐம்பதுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் தெருமுனையில் திரும்பியது. இரண்டு பேர். ஓட்டியவரை நான் பார்க்கவில்லை. பின்னால் இருந்தவருக்கு ஒட்ட வெட்டிய முடி, காக்கிச் சட்டை, பழுப்பு ஷூ. வீட்டு எண்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். நான் எழுந்திருக்க நினைத்தேன். உள்ளே மனைவி யார் என்று கேட்டாள்.

வண்டி இன்னும் நாலு வீடு தள்ளி இருந்தது. பின்னால் இருந்தவர் கால்வைக்கும் கம்பிமேல் எழுந்து நின்றார். ஓட்டுகிறவரின் தோளைப் பிடித்துக்கொண்டு, தெருவே கேட்கும் குரலில் சொன்னார்:

"சார், உங்க பையன் நல்லா இருக்கான். நல்லா இருக்கான் சார்."

அவர் டவுனில் முன்னாள் ராணுவத்தினர் கேன்டீனில் வேலை பார்க்கும் ஓய்வுபெற்ற நாயக். அதுவரை நாங்கள் பார்த்துக்கொண்டதில்லை. கேட்டுக்கு வெளியே நின்றபடியே, மூச்சு வாங்க, ஒப்பிப்பதுபோலச் சொன்னார். மேடம் மூன்று மணி நேரமாக ஒவ்வொரு இடமாகப் பேசி, கடைசியில் என் மகனையே பிடித்துவிட்டாராம். அவர்கள் குழு திடீரென்று வேறு முகாமுக்குப் போயிருக்கிறது. அடுத்த முகாமுக்கு அனுப்பச் சொல்லி எல்லோரும் பெட்டியைப் பூட்டி ஸ்டோரில் ஒப்படைத்திருக்கிறார்கள். ஸ்டோரில் புதிதாக வந்த ஆள், மூடியில் எழுதியிருந்த முகவரியைப் பார்த்து, அதற்கே கொரியர் போட்டுவிட்டிருக்கிறார். பன்னிரண்டு வீட்டுக்குப் பன்னிரண்டு பெட்டி போயிருக்கிறது. மற்ற பதினோரு வீட்டுக்கும் இந்நேரம் ஆள் போய்க்கொண்டிருக்கிறது, அதையும் மேடம்தான் ஏற்பாடு செய்தார் என்றார்.

"உங்க போன் கெடைக்கலன்னாங்க, சார். போறது சரி, ஆனா வாசல்ல போயி நிக்காத, உக்காராத, தண்ணி கேக்காத, அந்த வூடு கண்ணுல பட்ட ஒடனே கத்திச் சொல்லிடுன்னாங்க. அவங்களே அவன் கொரலக் கேட்டுட்டாங்களாம்."

அதற்குள் என் மனைவி வெளியே வந்துவிட்டாள். கையெல்லாம் உளுந்துத் தண்ணீர். "நல்லா இருக்கான்னா?" என்றாள். "ஏன், எம்புள்ளைக்கு இன்னா ஆச்சு?" அவள் என்னைப் பார்த்தாள்.

நாயக் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவள் பக்கம் திரும்பிச் சொன்னார்: "ஒண்ணும் ஆகலம்மா. பொட்டிய மட்டும் யாரும் தொறக்க வேணாம்னு உங்க பையன் சொல்லச் சொன்னானாம். உள்ள பூரா நாலு மாசத்து அழுக்குத் துணியாம்."